ஐலீன் பெயரில் இருந்த வரி

காப்பி நன்றாக இருக்கிறது, அம்மா. துலூத்தில் விசாரணை அலுவலகத்துக் காப்பி இத்தனை சூடாகக் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

வரிசையாகவே சொல்கிறேன். கணினியை இணையத்தோடு இணைக்கும் நெட்வொர்க் டிரைவர் என்ற ஒரு மென்பொருளுக்கு ஆறு வருஷமாக நான் பொறுப்பாளர். சம்பளம் கிடையாது. உலகத்தில் யார் திருத்தம் எழுதினாலும் நான் சரி என்ற பிறகே அது உள்ளே போகும். எனக்கு முன்னால் அதைப் பார்த்துக்கொண்டவள் என் மனைவி ஐலீன். எழுதியவளும் அவள்தான். புற்றுநோய் கொண்டுபோய்விட்டது.

மார்ச்சில் தீயா பூஷார் என்ற பெண் எழுதினாள். வடக்கே ஒரு சிறு மருத்துவமனையில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள். பேக்கெட் என்கிற தகவல் துண்டு கோணலாக வந்தால் டிரைவர் அதைத் தூக்கி எறிகிறது, ஆனால் அதற்காக எடுத்த மெமரியைத் திருப்பித் தருவதில்லை என்றாள். கசிந்து கசிந்து இயந்திரம் நின்றுவிடும். எவனாவது வேண்டுமென்றே அனுப்பினால் இருபது நிமிஷம் போதும். திருத்தமும் வைத்திருந்தாள். ஒரே வரி, சரியான வரி.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிழை எந்த மாற்றத்தால் வந்தது என்று திருத்தத்தின் அடியில் குறிக்க வேண்டும். அந்த மாற்றத்தைத் திறந்தால் எழுதியவர் பெயர் நிற்கும், என்றைக்கும் அழியாது. தீயா முறைப்படி குறித்திருந்தாள். திறந்தால் ஐலீன் ஹால்வர்சன்.

தலைப்பு நீளம் என்று திருப்பி அனுப்பினேன். மறுநாளே சுருக்கி அனுப்பினாள். வரியின் தொடக்கத்தில் வெறும் இடைவெளி விட்டிருக்கிறாய், டேப் விசையைத் தட்ட வேண்டும் என்றேன். அதன் பிறகு விளக்கம் போதாது என்றேன். எல்லாம் விதியில் உள்ளதுதான்.

நான்காம் முறை அனுப்புவதற்கு முன் போனில் கூப்பிட்டாள்.

"வெர்ன், டேப்பை அப்புறம் எண்ணிக்கலாம். இதயத் துடிப்பு காட்டுற திரை ரெண்டு தடவை நின்னுபோச்சு. இங்க ஆளுங்க படுத்திருக்காங்க."

"உங்க மெஷின்ல நீங்களே போட்டுக்கலாமே?"

"மெஷின் வித்த கம்பெனிக்காரன் பூட்டி வெச்சிருக்கான். நீங்க ஏத்துக்கிட்டாத்தான் அவன் போடுவான்."

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா."

"உங்க விதியக் கொண்டுபோய் குப்பையில போடுங்க." பிறகு அவளே சொன்னாள்: "மன்னிச்சுக்குங்க. திரும்ப அனுப்பறேன்."

அது வந்து ஒன்பது நாள் என் மின்னஞ்சல் பெட்டியில் கிடந்தது. பத்தாம் நாள் எவனோ அந்தப் பேக்கெட்டுகளை அனுப்பினான். திரைகள் நாற்பது நிமிஷம் இருண்டு கிடந்தன. மூன்றாம் படுக்கையில் ஆர்லிஸ் நீமி, பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இதயம் நின்றது யாருக்கும் தெரியவில்லை. பத்திரிகையில் படித்து அழுதேன், அம்மா. இப்போதும் நெஞ்சு வலிக்கிறது.

ஆனால் செத்துப்போன ஐலீன் வந்து வாதாட முடியுமா? அவளுக்காக யாராவது நிற்க வேண்டாமா?

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பிழையைக் கொண்டுவந்த அந்த மாற்றம் உள்ளே போன வாரம், மருந்தால் ஐலீனுக்கு விரல்கள் மரத்துவிட்டன. அவள் பெயரில் நான்தான் எழுதினேன். படுக்கையில் சாய்ந்தபடி படித்துப் பார்த்து, "வெர்ன், தூக்கி எறியிற எடத்துல மெமரியத் திருப்பித் தரல பாரு" என்றாள். சாயங்காலம் சேர்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அப்படியே அனுப்பிவிட்டேன்.

அவளுக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதே என்றுதான், அம்மா, இவ்வளவும்.