சும்மா கிடைத்த நாய்க்குட்டி

நாட்டு நாய்க்குட்டியை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை, மேடம். கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். எரியோட்டில் எனக்குத் தேங்காய் போடும் தோட்டக்காரர் மூக்கையா, "ரெண்டாவே கொண்டு போ அப்பு" என்றார். ஒன்று போதும் என்றேன். எனக்குப் பேராசை கிடையாது.

குடும்ப நல நீதிமன்றத்து ஆலோசகர் நீங்கள் கேட்பதால் ஒளிக்காமல் சொல்கிறேன். விவாகரத்தானதும் மகள் ஜீவிதாவைக் கௌசல்யாவிடம் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிள்ளை எனக்கு. ஆனால் பிள்ளை செலவுக்கு மாதம் எட்டாயிரம் நான் கட்ட வேண்டும். பிள்ளை என் வீட்டுக்கு மாறினால், கோர்ட்டில் மனு போட்டு இந்த உத்தரவையும் மாற்றலாம் என்று வக்கீல் சொன்னார். அவருக்குச் சட்டம் தெரியும். எனக்குக் கௌசல்யாவைத் தெரியும். நாய் முடி பட்டாலே அவளுக்கு வீசிங் வந்துவிடும். எட்டு வருடம் இன்ஹேலர் வாங்கிக் கொடுத்தவன் நான்.

பிறந்தநாள் பரிசாகக் குட்டியைக் கொடுத்து அனுப்பினேன். பிள்ளை அதற்குப் பன்னு என்று பெயர் வைத்தாள். கட்டிலில் கூடவே படுக்க வைத்துக்கொள் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த வாரமே கௌசல்யாவுக்கு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். மனசு கேட்காமல் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

"பன்னு ஒங்கப்பா வீட்லயே இருக்கட்டும் தாயி, அம்மாவுக்கு ஏலல" என்று மகளிடம் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். நல்ல யோசனை என்றேன். பன்னு வந்தது; பின்னாலேயே ஜீவிதாவும் வந்துவிட்டாள். நீதிபதி கேட்டபோதும், "பன்னு இருக்க வீட்லதான் நானும் இருப்பேன்" என்றாள். என் எட்டாயிரம் ரத்தானது. ஜவுளிக்கடையில் பில் போடும் கௌசல்யா இப்போது எனக்கு மூவாயிரம் கட்டுகிறாள். நான் ஐயாயிரம் கேட்டேன், போகட்டும், விட்டுக்கொடுத்துவிட்டேன்.

நாய் எங்கே என்கிறீர்கள். வெள்ளையடித்து முடித்த பிறகு யாராவது ஏணியை நடுவீட்டில் வைத்திருப்பார்களா, மேடம்? தினம் ஒரு பொறை ரொட்டி வேறு அதற்குத் தண்டச் செலவு. தேங்காய் ஏற்றப் போனபோது வண்டியில் போட்டுக்கொண்டு போய், நெய்க்காரப்பட்டி தாண்டி ஒரு தோப்போரம் இறக்கிவிட்டேன். கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடி வந்தது. பிள்ளையை நோகடிக்க மனம் வராமல், தானாக ஓடிப்போய்விட்டது, திரும்பி வந்துவிடும் என்று சொல்லி வைத்தேன்.

ஜீவிதா என்னிடம் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். சந்தேகமிருந்தால் ஒரு நாள் சாயங்காலம் வந்து பாருங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், நான் வருகிறவரை கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்து நிற்பாள். கையில் ஒரு பொறை வைத்திருப்பாள். அப்பா பசியோடு வருவேனே என்று அம்புட்டுப் பாசம்.