நாலுக்கு சைபர்

– இன்னொருக்கா படிங்க பாய். அந்த நாலு கோல் சமாச்சாரத்த மட்டும்.

– எத்தன வாட்டி படிச்சாலும் நாலுதான் அய்யாக்கண்ணு, கொறையாது லா. "சனிக்கெழம பாடாங் தெடல்ல துரைமார் டீமு நாலு கோல் போடும். இண்டியன் டீமு சைபர்." இங்கிலீசு பேப்பருல எழுதினவன் பேரு இல்ல. மூணு ஆளாம். மறைஞ்சு நின்னு நம்ம ப்ராக்டிஸ பாத்தாங்களாம்.

– பேரு போட தைரியம் இல்லாதவனுக்கு ஆட்டத்தப் பத்தி என்ன பேச்சு. வள்ளியம்மா, ஒம் புருசன் டீம பத்தி என்ன எழுதியிருக்கான் கேட்டியா?

– கேட்டுக்கிட்டேதான் துவைக்கிறேன் அண்ணே. நீங்க அந்தப் பனியன கல்லுல போட்டு இந்த அடி அடிக்காதீங்க. மொத்தமே பதினொண்ணுதான் இருக்கு. கிழிஞ்சா நாளான்னிக்கு ஒருத்தன் வெறும் ஒடம்போட நிக்கணும்.

– நிக்கட்டும். வெறும் ஒடம்போட நின்னாலும் செயிப்போம். நீங்க படிங்க பாய், மொத ஆளு என்ன சொல்றான்?

– மொத ஆளு பூட்ஸ பத்தி சொல்றான். "வெறுங்காலு ஆளுங்க. மழ பேஞ்சா பந்தவிட அவங்கதான் ஜாஸ்தி உருளுவாங்க." நக்கல் பண்றான் லா.

– போன வருச மழயில உருண்டது யாரு? அந்தக் காப்டன் துரையோட வெள்ளக் கால்சட்ட இந்தக் கல்லுக்குத்தான் வந்துச்சு. மூணு தண்ணி அலசியும் சேறு போவல. உக்காந்த எடத்துல இம்மாம் பெரிய வட்டம். நம்ம பயலுவ உடுப்புல முட்டிக்கு மேல பொட்டு சேறு கெடயாது. ரெண்டு டீமு அழுக்கும் எங்கிட்டதான் வருது. எவன் எத்தன வாட்டி விழுந்தான்னு என்னய வந்து கேக்கச் சொல்லுங்க, நான் சொல்றேன்.

– பொறு பொறு. ரெண்டாவது ஆளு சோத்த இழுக்குறான். "சோறு தின்னுட்டு வர்றவங்க. பாதி ஆட்டத்துக்கு மேல மூச்சு வாங்கும்."

– விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, துணி மூட்டய தலையில வச்சுக்கிட்டு ஆயர் ஈத்தாம் ரோடு பூரா நடக்குறவனுக்கு மூச்சு வாங்குமா? மத்தியானம் பிராந்தி ஊத்திக்கிட்டு வர்றவனுக்கு வாங்காதா? நல்லா எழுதுறானுங்கய்யா எழுத்து.

– கோவப்பட்டு என்ன அண்ணே. அவங்க பேப்பரு, அவங்க மையி.

– கோவப்படாம? இந்தத் தடவ தோத்தா அடுத்த வருசம் லீக்குல எடம் கெடயாதுன்னு கமிட்டி துரை லெட்டரே குடுத்துட்டாரு. எட்டு வருசம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கின எடம். சனிக்கெழம போச்சுன்னா அப்புறம் நம்ம ஆளுங்க கயித்துக்கு வெளிய நின்னு வேடிக்க பாக்கலாம். உள்ள கால் வைக்க முடியாது.

– மூணாவது ஆளத்தான் இன்னும் படிக்கல. படிக்கவா வேணாமான்னு இருக்கு எனக்கு.

– ஏன் பாய் இழுக்குறீங்க?

– சரி, கேளு. "பேக் ஆடுற பழனியப்பனுக்கு முட்டி கெட்டுப்போச்சு. நாலு நாளா தெடலுக்கே வரல. அவரு நிக்கிற எடம் தொறந்து கெடக்குற கதவு. நாலு கோலும் அந்த வழியாத்தான்..."

– நிறுத்துங்க. முட்டி விசயம் எப்படி வெளிய போச்சு?

– அதத்தான் நானும் காலையிலேர்ந்து யோசிக்கிறேன்.

– அவனுக்கு வலது முட்டி வீங்கினது நாலே பேருக்குத்தான் தெரியும். அவன், அவம் பொண்டாட்டி இந்த வள்ளியம்மா, தெனம் தேச்சு விடுற நானு, பசார்ல மருந்தெண்ண வாங்கியாந்த நீங்க. வலது பக்கமா எவனாச்சும் வெட்டிக்கிட்டுப் போனா அவனால திரும்ப முடியாதுன்னுதான் நம்ம டீமு காப்டன்கிட்டகூட காச்சல்னு சொல்லி வச்சோம். நாலு பேருல துரைமார் கிளப்புல வேல செய்யிறது யாரு பாய்?

– அய்யாக்கண்ணு. வார்த்தய அளந்து பேசு.

– அவனுங்க மேசைக்குத் தட்டு தூக்கிட்டுப் போறது யாரு? ஊருக்கு முன்னாடி இந்தப் பேப்பரு யாரு கையில இருக்கு?

– பதிமூணு வருசமா ஒங்கூட ஒரே கயித்தப் புடிச்சுக்கிட்டு நின்னு ஆட்டம் பாக்குறேன். போன தடவ நம்ம டீமு கோல் போட்டப்ப கத்துனதுக்கு எனக்கு வேலயே போகப் பாத்துச்சு. என்னயவா கேக்குற? அல்லா மேல சத்தியமா ஒரு வார்த்த நான் சொல்லல. இந்தா பேப்பரு, நீயே வச்சுக்க. இந்த ஜபருல்லா இனிமே நீங்க துவைக்கிற இந்தத் தொறப் பக்கம் வரமாட்டான்.

– ஒக்காருங்க பாய். நான்தான் சொன்னேன்.

– நீ என்ன சொன்னே வள்ளியம்மா?

– முட்டி விசயத்த. அந்த மூணாவது ஆளுகிட்ட. நான்தான் அண்ணே.

– புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு? கட்டுன புருசன...

– கத்தாத லா அய்யாக்கண்ணு. புள்ளய சொல்ல விடு.

– செவ்வாக்கெழம இஸ்திரி போட்ட துணிய அந்தக் காப்டன் துரை பங்களாவுக்குக் கொண்டு போனேன். எப்பவும் மேம்தான் எண்ணி வாங்குவாங்க. அன்னிக்கு அவரே வந்தாரு. கூட இன்னொரு துரை, கையில நோட்டு, அவருதான் இந்த மூணாவது ஆளு. எனக்கு நாக்காலி போடச் சொன்னாரு. ஆறு வருசமா அந்தப் பங்களாவுக்குப் போறேன், நின்னுக்கிட்டுத்தான் வந்திருக்கேன். நாக்காலியப் பாத்ததுமே எனக்கு வெளங்கிருச்சு.

– என்ன கேட்டாரு?

– மலாய்லதான் கேட்டாரு. ஒம் புருசன் ரெண்டு நாளா தெடலுக்கு வரலயே, முட்டிதானேன்னு. நொண்டி நடந்தத எவனோ எட்டத்துலேர்ந்து பாத்திருக்கான்.

– இல்லேன்னுட்டு வரவேண்டியதுதானே.

– இல்லேன்னா நம்புவாரா? ஆமாங்க துரைன்னேன். ஆட முடியாம போச்சுன்னா எங்க கதி என்னன்னு அழுதேன். அந்த நோட்டுக்காரரு எல்லாத்தயும் எழுதிக்கிட்டாரு. பாவம், சூதுவாது தெரியாத பொண்ணுன்னு மேம்கிட்ட வேற சொன்னாரு.

– அழுதியா? அவனுங்க முன்னாடி உக்காந்து அழுதியா? நாளைக்கு நம்ம சனங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? இது பழனியப்பனுக்குத் தெரியுமா?

– தெரியும். சொன்னேன். சிரிச்சாரு.

– சிரிச்சானா?

– பாய், நீங்க பாதியில நிறுத்திட்டீங்க. அதுக்கு அப்புறம் எந்தக் கால்னு போட்டிருக்கா, பாருங்க.

– இரும்மா. எழுத்து கூட்டித்தான் படிக்கணும். இந்தா, இருக்கு. "லெப்ட்." எடது முட்டி. "எடது பக்கமா பந்தக் கொண்டு போனா பழனியப்பனால திரும்பவே முடியாது"ன்னு போட்டிருக்கான்.

– எடதா? அவனுக்கு வீங்கியிருக்கிறது வலதுல்ல?

– வீங்கினது வலதுதான் அண்ணே. நான் துரைகிட்ட காட்டினதுதான் எடது. சனிக்கெழம துணிக்கட்டயும் எடதுலதான் கட்டி அனுப்பப்போறேன், நல்லா வெள்ள வெளேர்னு, தெடலோட அந்தக் கோடியிலேர்ந்து பாத்தாலும் தெரியிறாப்புல.