தெருவில் நின்ற பெயர்

சர்க்கரை கூடிவிட்டது, தினமும் நடங்கள் என்றார் டாக்டர். வெறுமனே நடக்க எனக்குப் பிடிக்காது. இந்தப் பொழுதுபோக்கு அப்படி வந்ததுதான் ஐயா. போனில் இலவசமாகக் கிடைக்கும் செயலி. கையில் வைத்துக்கொண்டு நடந்தால் சுற்றியிருக்கும் வைஃபை எல்லாவற்றையும் பெயரோடு காட்டும். கோவில்பத்தில் எங்கள் தெருவில் ஆரம்பித்து, பிறகு ஸ்கூட்டரில் சுரக்குடி வரை போனேன். நாலு பக்கமும் வயலாக இருக்கிற இடத்தில் 'ரிஃபாய் துபாய்' என்று ஒரு பெயர் எட்டிப் பார்த்தால் மனசுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். யாருடைய வைஃபையிலும் நுழைய மாட்டேன். பெயரைப் பார்ப்பதோடு சரி. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முதலில் பழக வேண்டிய ஒழுக்கம் அது.

எதிர்வீட்டு கிளாட்வின் நல்ல பையன். தாய் தகப்பன் இல்லாத வீடு. அவன் தங்கை ஜெர்லின், தன்னோடு வேலை பார்த்த ஒருவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது, போனைப் பிடுங்கிக்கொண்டு அவளைப் பின்னறையில் வைத்துப் பூட்டினான். இன்டர்நெட்டையும் நிறுத்திவிட்டான். தெருவுக்கே தெரியும். அவர்கள் வீட்டு விஷயம் என்று எல்லோரும் இருந்தோம்.

இன்டர்நெட்டை நிறுத்தினாலும், கரண்ட் இருக்கிறவரை வைஃபை பெட்டி தன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். பெட்டி அவள் அறையில் இருந்தது. படிப்புக்கு வாங்கிய பழைய டேப்லெட் ஒன்று அவளிடம் தங்கிவிட்டதாம். அதை வைத்துப் பெயரை மாற்றியிருக்கிறாள். ஒரு மாலை 'கிளாட்வின் ஹோம்' இருந்த இடத்தில், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி, 'கதவ தொறங்க' என்றிருந்தது. மறுநாள் 'சாப்பாடு இல்ல'. அப்புறம் 'அடிக்கிறான்'.

பதறிப்போனேன், பொய் சொல்லவில்லை. ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கல்யாணமான மனுஷன் அடுத்த வீட்டு வாசலில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்றால் என்ன நினைப்பார்கள்? இன்னொன்றும் உண்டு. இன்றைக்கு என்ன எழுதுவாள் என்று ஆபீசில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாயங்காலம் எப்போது வரும் என்றிருந்தது.

நான் யோசிக்க மறந்தது ஒன்றுதான். அவள் வைக்கிற பெயர் என் போனில் தெரிந்தால், என் வைஃபையின் பெயரும் அவள் டேப்லெட்டில் தெரியும். என் வைஃபைக்கு 'பிலோமின்ராஜ்' என்றே வைத்திருந்தேன். ஒருநாள் அங்கிருந்து வந்தது: 'பிலோமின் அண்ணே பாஸ்வேர்டு'.

பாஸ்வேர்டை எடுத்துவிட்டிருந்தாலே போதும். யாருக்காவது செய்தி அனுப்பியிருப்பாள். ஆனால் ஒரு வயசுப் பெண்ணின் அறையிலிருந்து என் பெயர் தெருவில் வந்து நிற்கிறது ஐயா. போனைத் திறக்கிற எவர் கண்ணிலும் படும். என் மனைவி ரீட்டா கண்ணிலும்தான். என் வைஃபையின் பெயர் வெளியே தெரியாதபடி மறைத்துவைத்தேன். கொஞ்ச நேரத்தில் அங்கே மாறியது: 'அண்ணே இருக்கீங்களா'.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கிளாட்வினை நிறுத்திப் போனைக் காட்டினேன்.

"தம்பி, ஒங்க வீட்டு வைஃபைய பாருங்க. முந்தாநேத்து என் பேரே வந்துச்சு. நாலு பேரு பாத்தா நல்லாவா இருக்கும்?"

அவன் நிதானமாகப் படித்தான். "மன்னிச்சுக்குங்கண்ணே. இனிமே ஒங்களுக்குத் தொந்தரவு இருக்காது. நான் பாத்துக்குறேன்." மரியாதை தெரிந்த பையன்.

அன்று மாலை அந்த வீட்டிலிருந்து எந்தப் பெயரும் வரவில்லை. மறுநாள் ஜெர்லின் இறந்துவிட்டாள், வயிற்றுவலி என்று சொன்னார்கள். யாரும் கேள்வி கேட்கவில்லை. பெட்டியைக் கோயிலுக்குத் தூக்கியபோது நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். அவ்வளவு லேசாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கேட்டதற்குச் சொல்கிறேன். கிளாட்வின் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அடிக்கிறான் என்று அவளே எழுதியிருந்தாளே. தெரிந்துதான் காட்டினேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் மனசாட்சி இல்லாதவன் இல்லை. போன வாரம் என் வைஃபையில் பாஸ்வேர்டை எடுத்துவிட்டேன். பெயரையும் இப்போது மறைப்பதில்லை. எதிர்வீட்டுப் பின்னறை வரைக்கும் நன்றாகக் கிடைக்கும்.