படுகை நிறையும் முன் அக்கரை சேரவேண்டிய அம்மாவுக்கு

சுண்ணாம்புப் பாறையின் சுபாவம் அறிந்த சுடர்மதியே! மண்ணுக்கடியில் ஓடும் விரிசலையும் மனிதர் முகத்தில் ஓடும் வருத்தத்தையும் ஒரே பார்வையில் கண்டுகொள்ளும் கூர்விழியே! இந்த நில ஆய்வு அலுவலகத்தின் தலைமை ஆய்வாளராய் இருந்து இன்று ஓய்வுபெறும் எங்கள் அம்மாவே, வணக்கம்! அச்சாகி வந்த நீண்ட மடலை ஓரமாக வைத்துவிட்டோம். இது இன்று காலை அவசரமாகக் கையால் எழுதியது.

ஜன்னலுக்கு வெளியே, மலைகளுக்கு நடுவே விரிந்து கிடக்கும் படுகையைத் தண்ணீர்தான் தோண்டியது என்று தலைமையகத்தார் தலையில் அடித்துச் சத்தியம் செய்த காலம் ஒன்று உண்டு. மழைநீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கும், குழி பறிக்கும், குகை குடையும், எல்லாம் சரி. ஆனால் அந்தப் பெரும்படுகையின் கரை கோடு கிழித்தாற்போல் நேராக நிற்கிறதே! “தண்ணி கரைக்கும் சார், ஸ்கேல் வச்சு வெட்டாது. நிலம் பிளந்து முதல்ல இறங்குச்சு. தண்ணி அப்புறம் வந்து குடியேறுச்சு” என்றீர்கள். சிரித்தார்கள். இரு கரையிலும் குறிக்கல் நட்டு ஆண்டுதோறும் அளந்தீர்கள். பிளவு இன்னும் விரிகிறது, படுகையின் தரை இன்னும் இறங்குகிறது என்று காட்டினீர்கள். சிரித்த வாய்கள் மூடின. அந்தப் பிளவுக்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்த குறும்பும் உங்களுடையதே! “சத்தமே போடமாட்டா, அழுத்தம் மட்டும் குறையவே குறையாது” என்பீர்கள். நல்லவேளை, அது உரியவர் காதுக்கு எட்டவில்லை.

ஆனால் அம்மா, உங்களுக்கு அது வெறும் ஆய்வுப் பொருளா? அக்கரையில் உங்கள் வீட்டுக்காரரின் லேத் பட்டறை. இக்கரையில் உங்கள் கருவிகள். வெயில் காலத்தில் படுகையின் நடுவே பஸ் ஓடும். மழை பிடித்துவிட்டால், தண்ணீரை விழுங்கிய குழிகளே அதைக் கக்கும், படுகை ஏரியாகும், சுழலுக்கு அஞ்சிப் படகும் விடமாட்டார்கள். மலையைச் சுற்றிப் போகவும் வழியில்லை. மழைக்காலம்தோறும் போனிலேயே குடும்பம் நடத்தினீர்கள். ஒருமுறை அவர் ஸ்பீக்கரில் கேட்டது அறை முழுவதும் கேட்டது: “ரெண்டு கரையும் விலகிக்கிட்டே போகுதுன்னு நீயே அளந்து சொல்றியே, எப்பதான் கிட்ட வரும்?” நீங்கள் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

மழைக்காலம் முடியும்வரை இருந்துவிட்டுப் போகச் சொல்லித் தலைமையகம் கேட்டிருக்கிறது. எங்களுக்கும் அதுதான் ஆசை; உங்கள் நாற்காலி காலியாகும் என்று நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது. முகத்தில் அடித்தாற்போல் மறுக்கத் தெரியாத நீங்களும் “பார்க்கலாம்” என்றீர்கள். ஆனால் இன்று காலையே குழிகள் பொங்கத் தொடங்கிவிட்டன. இந்தப் பிரிவு விழாவில் எல்லோரும் பேசி முடித்து நீங்கள் எழுவதற்குள் பாதை மூழ்கிவிடும். அதைத் தெரிந்தும், எங்கள் மனம் நோகக்கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

ஆகவே, மற்ற உரைகள் அனைத்தும் ரத்து! நீண்டநாள் வாழுங்கள், முழங்கால் வலியின்றி, போன் தேவைப்படாத தூரத்தில் இருவரும் வாழுங்கள். டிரைவர் அண்ணன் ஜீப்பைக் கிளப்பி வாசலில் நிற்கிறார், பெட்டியும் ஏற்றியாயிற்று. தலைமையகத்துக்கு நாங்கள் பதில் சொல்லிக்கொள்கிறோம். எழுந்திருங்கள் அம்மா. எங்களைத் திரும்பிப் பார்த்தால் உங்களுக்குக் கால் எழாது, எங்களுக்கு விட மனம் வராது. பார்க்காமல் போங்கள்.

போகவும் சொல்லி, பொறுக்கவும் முடியாத
உங்கள் அலுவலகத்தார்