நான்காவது பொருள்

டீயில் சர்க்கரை சரியாக இருக்கிறது மேடம். உதட்டுக் காயத்தில் படும்போது கொஞ்சம் எரிகிறது, அவ்வளவுதான். எங்கள் கம்பெனி டீ பாயசம் மாதிரி இருக்கும். சர்க்கரையைக் குறைப்பதா வேண்டாமா என்று மூன்று கூட்டம் போட்டோம், முடிவு வரவில்லை. அங்கே நிலைமை அப்படி.

என் பெயர் சக்கரபாணி. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் நிர்வாக அதிகாரி. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். என் அப்பா பிரெஞ்சுக்காரன் காலத்தில் இந்த ஊர் மேரியில், அதாவது நகராட்சி ஆபீசில், குமாஸ்தா. நகராட்சிக் கூட்டத்தில் யார் தும்மினாலும் நேரம் போட்டு எழுதி வைப்பாராம். எனக்கும் அந்தக் கைதான். என் குறிப்பேடு உங்கள் சிவப்புத் தொப்பிக் கான்ஸ்டபிள் தம்பியிடம் இருக்கிறது. அதன்மேல் டீ டம்ளரை வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், மை கலைந்துவிடும்.

விஷயம் ஒரு சீலிங் ஃபேன். கேன்டீனுக்கு வாங்கியது. அதை இரண்டாவது மேஜைக்கு மேல் மாட்டுவதா, மூன்றாவது மேஜைக்கு மேலா என்று முடிவு செய்ய வேண்டும். பதினாலு மாதம், பதினோரு கூட்டம். ஒவ்வொரு முறையும் பர்ச்சேஸ் பார்க்கும் தட்சிணாமூர்த்தி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "பாத்துக்கலாம் சார், இன்னா அவசரம்" என்பார். உடனே எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். ஃபேன் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

ஒருநாள் முதலாளி தொழிலாளிகள் எதிரிலேயே, "யோவ் சக்கரபாணி, ஒரு ஃபேன மாட்டத் துப்பில்ல, நீயெல்லாம் ஆபீசரா?" என்று கேட்டார். லேபிள் ஒட்டுகிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்காகத் தட்சிணாமூர்த்திமேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. இருந்தது, ஆனால் அளவோடுதான் இருந்தது.

முதலில் கூட்ட அறையை மாற்றினேன். பழைய பசை ஸ்டோர். ஜன்னல் இல்லை, கதவு இரும்பு. வெளியே மெஷின் ஓடுகிற சத்தத்தில் உள்ளே என்ன கத்தினாலும் கேட்காது, ஆகவே கவனம் சிதறாது. செல்போன்களை பிஸ்கட் டின்னில் போட்டு வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். கூட்டப் பட்டியலில் உள்ள எல்லாப் பொருளும் வரிசைப்படி முடிந்தால்தான் கதவு திறக்கும். வாய் திறக்காதவர் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளப்படும். இதற்கெல்லாம் கூட்டத்துக்கு வருகிற நான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம். தட்சிணாமூர்த்தி படிக்காமலே போட்டார், பேனாகூட என்னிடம்தான் வாங்கினார்.

போன வியாழக்கிழமை பத்தரைக்கு உட்கார்ந்தோம். நான், தட்சிணாமூர்த்தி, குவாலிட்டி பார்க்கும் சத்யப்பிரியா, குடோன் காத்தவராயன். முதல் பொருள் போன கூட்டத்தின் குறிப்பு. இரண்டாவது ஃபேன். மூன்றாவது, சைக்கிள் ஸ்டாண்டுக்கு நீலமா பச்சையா. நான்காவது, இதர விஷயங்கள்.

ஃபேன் விஷயத்திலேயே நின்றுகொண்டிருந்தோம். பதினொன்று பத்துக்குத் தட்சிணாமூர்த்திக்கு வியர்த்துக் கொட்டியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "சார், மூச்சு அடைக்குது. கதவத் தொறங்க" என்றார். நான் மரியாதையாகத்தான் சொன்னேன். அது பட்டியலில் இல்லை, நான்காவது பொருளில் சேர்த்துக்கொள்கிறேன் என்றேன். சேர்த்தும் கொண்டேன். நேரம் போட்டிருக்கிறது, பாருங்கள்.

சத்யப்பிரியா எழுந்துவிட்டார். "இன்னா சார் பேசுறீங்க, அவரு மூஞ்சப் பாருங்க. பெரிய ஆஸ்பத்திரி பத்து நிமிஷம் சார்." காத்தவராயன் கதவை உதைத்தார், நாற்காலியால் அடித்தார். அது அசையவில்லை. சாவி எங்கே என்று கேட்டார். வாட்ச்மேனிடம், பன்னிரண்டு மணிக்கு வந்து திறப்பான் என்றேன். அதுவரை சும்மா உட்கார்ந்திருப்பானேன், பொருளை முடிக்கலாம் என்றும் சொன்னேன்.

அப்போதுதான் அது நடந்தது. தரையில் சரிந்து உட்கார்ந்திருந்த தட்சிணாமூர்த்தி தலையை நிமிர்த்தி, "ரெண்டாவது மேஜையே இருக்கட்டும் சார். எத வேணா எழுதிக்குங்க. என்ன உட்டுடுங்க" என்றார். அந்த வரியை இரண்டு முறை எழுதிவிட்டேன் மேடம். சந்தோஷத்தில். காத்தவராயனும், "எழுதிக்கய்யா, எழுதித் தொலை" என்றார். இரண்டாவது பொருள் நிறைவேறியது. பதினொன்று இருபத்தாறு.

மூன்றாவதில் யாரும் வாய் திறக்கவில்லை. சத்யப்பிரியா தட்சிணாமூர்த்தியின் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, பொருள் பட்டியலால் விசிறிக்கொண்டிருந்தார். விதிப்படி சம்மதம், நீலம் என்று எழுதினேன்.

நான்காவது பொருள், தட்சிணாமூர்த்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது. கை தூக்கச் சொன்னேன். சத்யப்பிரியா அழுதுகொண்டே தூக்கினார். காத்தவராயன் இரண்டு கையையும் தூக்கினார், ஒன்றைத்தான் கணக்கில் எடுத்தேன். நானும் தூக்கினேன். தட்சிணாமூர்த்தி தூக்கவில்லை. பேசவுமில்லை. ஆக அவருக்கும் சம்மதம். ஒருமனதாக என்று எழுதி, அடியில் கோடு போட்டேன். பதினொன்று நாற்பது.

முடிவு எடுத்தால் உடனே செய்ய வேண்டும். நான் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன். காத்தவராயன் அந்தச் சாவியையே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் என் உதட்டில் குத்தினார். அதையும் குறித்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லையாம். அரை மணி முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். வெளியே அவர் மனைவி முத்தம்மாள் உட்கார்ந்திருக்கிறார். குறிப்பில் ஒரு நகல் வேண்டுமா என்று கேட்டேன், என்மேல் மண்ணை வாரித் தூற்றினார். அடுத்த கூட்டத்தில் இரங்கல் தீர்மானத்தை முதல் பொருளாகவே வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஃபேனை நேற்று மாட்டிவிட்டார்களாம், இரண்டாவது மேஜைக்கு மேல். அது தட்சிணாமூர்த்தி சாப்பிட உட்காரும் மேஜை.

எழுதிக்கொள்ளுங்கள் மேடம், நான் மறைக்கவில்லை. சாவி என்னிடம் இருந்தது. அவர் செத்துக்கொண்டிருக்கிறார் என்றும் தெரிந்தது. தெரிந்தேதான் திறக்கவில்லை. ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். பதினாலு மாதத்தில் முதல்முறையாக அந்த மனிதர் ஒரு முடிவு சொல்லியிருக்கிறார். அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தைக் கலைப்பது முறையா?