கோடு விழாத ரத்தம்

இல்ல சார், கதவ நான் பூட்டல. சும்மா சாத்தினேன். ஏசி காத்து வெளிய போயிடும்னு நீங்கதானே எல்லார்கிட்டயும் கத்துவீங்க? உக்காருங்க. அட, போனை எதுக்கு எடுக்கறீங்க? செக்யூரிட்டியவா? கூப்பிடுங்க. அவன்தான் என்னை உள்ள விட்டான்.

யூனியன் செயலாளர் லேபுக்குள்ள வந்தா கூரை இடிஞ்சு விழுந்துடுமா என்ன? தலை நரைக்கற வரைக்கும் இந்தக் கம்பெனி வாசல்ல கொடி பிடிச்சிருக்கேன். உள்ள வர இன்னைக்குத்தான் வாய்ச்சுது.

இதுதானா அந்தக் குப்பி? என் சுண்டுவிரல் தண்டிகூட இல்ல. இதுக்குள்ள இருக்கற ஆன்டிபாடிதான் நம்ம ரேடியோவத் திருட்டுச் சாப்பாடு சாப்பிட்டவன்னு சொல்லுச்சா? தொடல சார், தொடல. பாக்கறேன்.

ரேடியோன்னா யாருன்னு தெரியாத மாதிரி முழிக்காதீங்க. முயல் கூண்டு பாத்துக்கிட்டவன். என் தங்கச்சி புருஷன். வாய மூடவே மாட்டான், அதனால நாங்க வெச்ச பேரு. இந்த ஆன்டிபாடியும் அவன் வளத்த முயலோட ரத்தத்துலேர்ந்து எடுத்ததுதானே? தீனி போட்டவனுக்கே எதிர்சாட்சி. முயலைச் சொல்லிக் குத்தமில்ல.

எனக்கு இதெல்லாம் புரியாதா? துண்டுப் பிரசுரம் படிச்சே வளந்தவன் சார் நான். உங்க கம்பெனி விளம்பரத் தாளும் ஒரு துண்டுப் பிரசுரம்தான், அதையும் விடல. மனுஷன் பட்டினி கிடந்தா, உடம்புல கொழுப்பு சேக்கற ஒரு என்சைம் மேல பாஸ்பேட்டுன்னு ஒரு ஒட்டு விழும். விழுந்ததும் அது வேலைய நிறுத்திடும். உள்ள ஒண்ணும் வராதப்ப எதுக்கு உழைக்கணும்னு அதுக்கே தெரியுது, நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியல. அந்த ஒட்டு இருந்தாத்தான் இந்த ஆன்டிபாடி போய்ப் பிடிக்கும். பிடிச்சா கறுப்பா ஒரு கோடு. தின்னவனுக்குக் கோடு கிடையாது. சரிதானே? தலையாட்டறீங்க. சந்தோஷம்.

நாங்க என்ன ராஜ்யமா கேட்டோம்? ஆசிட் ரூமுக்குப் புகைய வெளிய தள்ற ஃபேன் கேட்டோம். அதுக்குத்தான் உண்ணாவிரதம். கம்பெனி டாக்டர் தினம் வந்து ரத்தம் எடுத்தார். எங்க உடம்பு மேல அக்கறையாம். நாங்களும் கைய நீட்டினோம், கூமுட்டைங்க. ரேடியோ பந்தல்லயே செத்தான். மறுநாள் கேட்ல நோட்டீஸ் ஒட்டறீங்க. இறந்தவர் ரத்தத்துல கோடு இல்ல, ரகசியமா சாப்பிட்டிருக்கார், அவர் சாவுக்கும் உண்ணாவிரதத்துக்கும் சம்பந்தமில்ல. என் தங்கச்சி கடைக்குப் போனா, யாருக்கும் தெரியாம அவருக்கு என்னடி ஆக்கிக் குடுத்தேன்னு கேக்கறாளுங்க. சிரிச்சுக்கிட்டே கேக்கறாளுங்க சார்.

என்ன சொன்னீங்க? சத்தமா சொல்லுங்க. ஆங், ஐஸ், அதேதான். மத்தவங்க ரத்தமெல்லாம் ஐஸ் பெட்டில வந்துது. அவனோடது மட்டும் டாக்டர் கார் சீட்ல, வெயில்ல கிடந்துது. டிரைவர் சொன்னான், அவன் எங்க மெம்பர். சூடு பட்டா அந்த ஒட்டு உதிந்து போயிடும். அப்புறம் பட்டினி கிடந்தவன் ரத்தமும் விருந்து தின்னவன் ரத்தமும் ஒண்ணுதான். இத நான் சொல்லியா உங்களுக்குத் தெரியணும்? ட்யூப் வெதுவெதுன்னு கைக்கு வந்தப்பவே தெரியும். தெரிஞ்சேதான் டெஸ்ட் பண்ணீங்க.

மேலேர்ந்து சொன்னாங்களா? சரி. மேலேர்ந்து சொல்றவங்க யாரும் நாளைக்கு ரேடியோ சாவு விசாரணையில வந்து நிக்க மாட்டாங்க. நீங்கதான் நிப்பீங்க. டெஸ்ட் சரியான்னு கேப்பாங்க. சரின்னு சொல்வீங்க. அதுல பொய்யே இல்ல, டெஸ்ட் சரிதான். ரத்தம் கெட்டுப்போயிருந்துதுன்னு கூட ஒரு வாக்கியம் சேத்துச் சொல்லணும். அவ்வளவுதான் கேக்கறேன்.

குடும்பம் இருக்கா? இருக்கட்டும். ரேடியோவுக்கும் இருந்துது.

மிரட்டறனா? சேச்சே. மிரட்டணும்னா ஆள் கூட்டிட்டு வந்திருக்க மாட்டேனா? கைய வீசிக்கிட்டுத் தனியா வந்திருக்கேன். சரி, கிளம்பறேன், உங்களுக்கு வேலை இருக்கும்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். லேபிள் ஒட்டற செக்ஷன்ல உங்க பொண்ணு இருக்குல்ல, நீங்களே சேத்துவிட்டது? நல்ல பொண்ணு. மரியாதை தெரிஞ்ச பொண்ணு. காலையில ஷிப்டுக்குப் போகல. நேரா பந்தலுக்கு வந்து ரேடியோ இருந்த இடத்துல உக்காந்துடுச்சு. சத்தியமா நான் சொல்லிக்குடுக்கல. எந்திரிம்மான்னு எவ்வளவோ சொன்னேன், எங்கப்பாவ உங்களவிட எனக்குத் தெரியும்னு சொல்லிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. வீட்லேர்ந்து கொண்டாந்த சாப்பாட்டு டப்பாவப் பிரிக்கவேயில்ல, பந்தல் கம்பத்துல மாட்டியிருக்கு.

டாக்டர் இப்பத்தான் வந்து அது கையிலயும் ரத்தம் எடுத்துட்டுப் போனார். உங்க மேசைக்குத்தான் வரும். ட்யூப்ல பேரு இருக்காது, வெறும் நம்பர்தான். அதான், சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.