மறுக்காமல் வாங்கிய மண்டபம்

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் மருத்துவர் பிஹ்ரூஸ் அவர்களே! வெண்தாடி வேந்தர்களான பெரியோர்களே! சோற்றுப்பானையை அடுப்பிலே விட்டுவிட்டு என் சொற்பொழிவுக்கு வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் தலைப்பாகையைத் தடவிக்கொண்டிருக்கும் நம் வட்டாரச் சமய அதிகாரி ஹாஜி ஆகா சுத்தூதே அவர்களே! உங்கள் அனைவருக்கும் பள்ளிக்கூட வாத்தியார் கிவ்மர்ஸின் சலாம்!

நெடுநாளாய் என் நெஞ்சைக் குடையும் கேள்வி ஒன்று. நம்மை ஆள்வது யார்? அதிகாரம் பள்ளிவாசல் மேடையில் இருக்கிறது; ஆணை மார்க்கம் கற்றவர்களின் வாயில் இருக்கிறது. அப்படியானால் மண்ணோடு மண்ணாகிப்போன ஈரானின் மாமன்னர் காலம் நமக்கு எதை விட்டுப்போனது? உடைந்த தூண்களை மட்டும்தானா?

போன வசந்தத்தில் விடை கிடைத்தது. பள்ளிவாசலுக்குப் பின்னால் நிற்கிறதே, இஸ்லாம் வருமுன்பே எழுந்த நான்கு வளைவு மண்டபம்! அதை இடித்து வண்டி நிறுத்த இடம் செய்ய உத்தரவு வந்தது. ஹாஜி ஆகாவே இடிக்கும் இயந்திரத்தோடு வந்து இறங்கினார். மனு கொடுத்தோம், மன்றாடினோம், மறித்தும் நின்றோம். அசைந்தாரா? அசையவில்லை!

அப்போது வந்தார் நம் மருத்துவச்சி தூபா அம்மையார், கையில் தேநீர்த் தட்டோடு. மேலே அண்ணாந்து பார்த்தார்.

“என்ன அழகான வளைவு, ஹாஜி ஆகா!”

ஹாஜி ஆகா என்ன செய்தார்? நாமெல்லாம் நினைவு தெரிந்த நாளிலிருந்து செய்வதைத்தான் செய்தார். நெஞ்சில் கை வைத்தார்.

“உங்களுக்கே தந்தேம்மா!”

பொறுங்கள், அதற்குள் சிரிக்காதீர்கள்! சட்டையைப் புகழ்ந்தால் சட்டையைத் தருகிறோம் என்போம். கம்பளத்தைப் புகழ்ந்தால் கம்பளத்தைத் தருகிறோம் என்போம். புகழ்ந்தவர் மூன்று முறை மறுக்க வேண்டும். அதுதானே முறை? தூபா அம்மையார் ஒருமுறைகூட மறுக்கவில்லை!

“வாங்கிக்கிட்டேன். ரொம்ப நன்றி, கொடுத்த உங்க கைக்கு வலியே வரக்கூடாது.”

இயந்திரக்காரர் எஞ்சினை நிறுத்தினார். ஹாஜி ஆகா அவசரமாய் விளக்கினார்.

“அம்மா, அது மரியாதைக்குச் சொன்னதும்மா!”

“நாப்பது பேர் முன்னால சொன்னீங்க. இந்தப் பேச்சை மாத்துனா, வெள்ளிக்கிழமை மேடையேறிச் சொல்றதை யாரு நம்புவா?”

ஹாஜி ஆகா தட்டிலிருந்து தேநீரை எடுத்துக்கொண்டார். சட்டம் அவர் பையில் இருந்தது. முத்திரை அவர் கையில் இருந்தது. ஆனால் சொன்ன சொல்லை விழுங்க அவரால் முடியவில்லை. இயந்திரம் திரும்பிப் போனது. அவரே மேலிடத்துக்கு எழுதி உத்தரவையும் ரத்து செய்ய வைத்தார்.

அன்பர்களே! இந்த மரியாதை எந்தச் சட்டத்தில் இருக்கிறது? எந்த மன்னன் வகுத்தான்? தேடிப் பார்த்தேன், தெரியவில்லை. முடிகள் போயின, முத்திரைகள் மாறின, இது மட்டும் மாறவில்லை. நம்மை ஆள்பவரையும் இது ஆள்கிறதே! அதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.

என்ன தாயே, அப்புறம் என்ன ஆயிற்று என்றா கேட்கிறீர்கள்? சொல்கிறேன். தேநீரைக் குடித்து முடித்த ஹாஜி ஆகா தயங்கினார்.

“கொஞ்ச நேரம் இந்த நிழல்ல உக்காந்துட்டுப் போகட்டுமா?”

“தாராளமா. மண்டபமே உங்களுதுதான்!”

ஹாஜி ஆகா பதறிப்போனார்.

“வேண்டாம்மா! வேண்டாம்! வேண்டவே வேண்டாம்!”

மூன்று முறை! முறைப்படி, மூன்றே முறை! அப்புறம்தான் உட்கார்ந்தார்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. பானை அடிப்பிடிக்கும் முன் வீடு சேருங்கள், தாய்மார்களே. உங்கள் எல்லோருடைய நிழலும் என்றும் குறையாதிருக்கட்டும், இந்த மண்டபத்தின் நிழலும்தான்!